வளைவுக்கு மேலே ஒரு பகல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, கைத்தடி இல்லாமல் மாடிப்படி இறங்குகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாள் என்ற செய்திக்குத் தனியாகவே ஒரு கடிதம் எழுத வேண்டும். இப்போது நீ கடைசியில் கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன்: "இந்த வயதில் மலைக்குத் தனியாகப் போய்த்தான் ஆக வேண்டுமா?"

போக வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் அந்தக் காட்சிமுனைக்குப் போய்வந்தேன். போக 6 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர். நேரக் கணக்குக்கு இன்றும் நான் நம்புவது ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன விதியைத்தான். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் இரண்டேகால் மணி நேரத்தில் ஏறிவிடலாம். அது நிற்காமல் நடக்கிறவனுக்கு. வேடிக்கை பார்த்துக்கொண்டே போகிற எனக்கு மூன்று என்று வைத்துக்கொண்டேன். எந்தப் பாதை, எப்போது திரும்புவேன், எத்தனை மணியைத் தாண்டினால் ஆள் அனுப்பவேண்டும் என்பதையெல்லாம் வீட்டில் எழுதி வைத்துவிட்டு, விடிவதற்கு முன்பே கிளம்பினேன். கழுத்தில் விசில். ஆபத்தென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊதவேண்டும். உனக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

ஏற்றத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மரநிழல், வேர்கள் குறுக்கிடும் ஒற்றையடிப் பாதை, கடைசியில் செங்குத்தாக ஒரு பாறைச் சரிவு. மேலே போய் நின்றால் பள்ளத்தாக்கே இல்லை. ஒரே வெள்ளை. இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவுகளில் இறங்கி அடியில் தேங்கும். ஆற்றின் ஈரமும் சேர்ந்தால் விடிகாலையில் மூடுபனிதான். எனக்கு முன்பே ஐந்தாறு பேர் வந்து காத்திருந்தார்கள். ஒருவருக்குப் பசி, ஒருவருக்குப் பேருந்தைப் பிடிக்கிற அவசரம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மனம் ஒடிந்து இறங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான்கு பேர் சேர்ந்து வந்தால், யாருக்கு முதலில் பொறுமை போகிறதோ அவர்தான் எல்லோருடைய நேரத்தையும் முடிவு செய்கிறார். நாம் கூட்டமாகப் போன நாட்களை நினைத்துப் பார், எத்தனை மலைகளிலிருந்து அப்படித் திரும்பியிருக்கிறோம்!

நான் உட்கார்ந்திருந்தேன். யாரையும் கேட்க வேண்டியதில்லை. பக்கத்துப் பாறையில் பாசி நனைந்து பச்சையாக மின்னியது. ஒவ்வொரு நுனியிலும் ஒரு துளி. வெயில் சரிவில் ஏற ஏற, பனி ஓரங்களிலிருந்து கரையத் தொடங்கியது. முதலில் எதிர்மலையின் தோள். பிறகு வெள்ளைக்குள் ஒரு கிழிசல், அதற்குள் மிக ஆழத்தில் ஒரு துண்டு ஆறு. அது மறைந்து வேறோர் இடத்தில் இன்னொரு துண்டு. எல்லாம் ஒன்று சேர்ந்தபோது ஆறு மலையைச் சுற்றிப் பெரிய வளையமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஒரு பருந்து எனக்குக் கீழே வட்டமிட்டது. பருந்தின் முதுகை நான் அவ்வளவு நிதானமாகப் பார்த்ததே இல்லை.

வளைவின் வெளிக்கரை செங்குத்தாக அரிக்கப்பட்டு வெறும் பாறையாக நின்றது. உட்கரையில் மணல் பிறைபோலப் படிந்திருந்தது. இயற்பியல் நடத்திய உனக்கு இது பிடிக்கும்: ஐன்ஸ்டைன் 1926இல் ஆற்று வளைவுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தேநீரைக் கலக்கினால் தூள் விளிம்புக்குப் போகாமல் அடியில் நடுவே வந்து குவிகிறதே, அதே காரணம்தான் என்றார். அடியில் உராய்வு தண்ணீரை மெதுவாக்குகிறது. மேல்மட்டத் தண்ணீர் வேகமாக வெளிப்பக்கம் போய், சுவரோடு இறங்கி, அடி வழியாக உள்ளே திரும்புகிறது. ஆற்றிலும் அப்படித்தான். வெளிக்கரை அரிபடுகிறது, அடித்தண்ணீர் மணலை உட்கரைப் பக்கம் தள்ளுகிறது, வளைவு மேலும் வளைகிறது. படித்த விஷயம்தான். ஆனால் அரிப்பும் படிவும் ஒரே பார்வையில் எதிரும் புதிருமாகத் தெரிந்தபோதுதான் அது எனக்குள் இறங்கியது. பேச்சுத் துணை இருந்திருந்தால் "என்ன அழகு!" என்று சொல்லிவிட்டுப் படம் எடுக்கப் போயிருப்பேன். சொல்லிவிட்டால் பார்த்து முடித்ததாக ஆகிவிடுகிறது. தனிமையில் சொல்ல ஆளில்லை, அதனால் பார்வை நிற்பதில்லை.

வெயில் ஏறியதும் சரிவு சூடாகி, கீழிருந்து காற்று மேலே வீசத் தொடங்கியது. அதோடு ஆற்றின் இரைச்சலும் வந்தது. அதுவரை சத்தமே இல்லாத ஆறு அது.

திரும்ப வேண்டிய நேரம் என்று குறித்துவைத்திருந்த மணிக்குச் சரியாக எழுந்தேன். மனசே இல்லை, ஆனால் தனியாகப் போகிறவன் அந்த ஒரு விதியை மீறக் கூடாது. இறக்கத்தில்தான் முழங்கால் படாதபாடு படும். தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது, மறுநாள் வலி வருவதும் அதனால்தான். நடைக்கழிகள் இரண்டையும் முன்னால் ஊன்றி, சின்னச் சின்ன எட்டாக வைத்து இறங்கினேன்.

இதையெல்லாம் உனக்கு எழுதுவது நீயும் வரவேண்டும் என்றுதான். மருத்துவர் சம்மதித்தால் முதலில் சமதரையில் நட, பிறகு சின்ன மேடுகள். மழை ஓய்ந்ததும் இங்கே வா. ஒரே நாளில் போவோம், சேர்ந்து போகவேண்டாம். நீ முன்னால் கிளம்பு, அரை மணி கழித்து நான் வருகிறேன். உனக்கு ஏதாவது என்றால் பின்னால் நான் இருக்கிறேன். மற்றபடி அந்தப் பாதை முழுக்க உன்னுடையது. மேலே வந்ததும் நான் எதுவும் பேசமாட்டேன், நீயாகப் பேசினால் பேசலாம். கழி வாங்கிவிடாதே, என்னிடம் இன்னொரு ஜோடி இருக்கிறது. மருத்துவர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்