எம்.சி.எச்.சி. எண்ணைத் தனியாகப் படிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரத்தப் பரிசோதனை அறிக்கைகள் இப்போதெல்லாம் மருத்துவரின் கைக்குப் போகும் முன்பே நோயாளியின் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடுகின்றன. அதில் தடித்த எழுத்தில் அச்சான ஏதோ ஓர் எண்ணைக் கண்டு கலங்கி, நேரே மருந்துக்கடைக்குப் போய் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக்கொள்பவர்களை ஆய்வக நுட்புநராகப் பணியாற்றிய காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த எண்களுள் பலருக்கும் பிடிபடாத எம்.சி.எச்.சி. பற்றிச் சில விவரங்களைத் தங்கள் நாளிதழ் வழியே தெரிவிக்க விரும்புகிறேன்.

பெரும்பாலான கருவிகள் இதை நேரடியாக அளப்பதில்லை. ஹீமோகுளோபின் அளவைப் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்துக்கொள்ளும் பங்கு) விழுக்காட்டால் வகுத்து நூறால் பெருக்கிக் கணக்கிடுகின்றன. சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதையே இது காட்டுகிறது. பெரியவர்களுக்கு டெசிலிட்டருக்கு 32 முதல் 36 கிராம் வரை இயல்பு என்பார்கள். இந்த வரம்பு ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். மற்ற எண்கள் எல்லாம் சரியாக இருக்கையில் 31.7 என்று வந்திருப்பதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

ரத்தசோகை உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது ஹீமோகுளோபின்தான். டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 (கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் 10.5) கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அளவுகோல். வைட்டமின் பி12 குறைவால் வரும் ரத்தசோகையில் எம்.சி.எச்.சி. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். இரும்புச்சத்துக் குறைபாட்டின் தொடக்கத்திலும் அப்படித்தான். உடலில் உள்ள இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிடின் முதலில் இறங்கும், எம்.சி.எச்.சி. பின்னர்தான் இறங்கும். ஆகவே இந்த எண் சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைவதும் தவறு.

எண் குறைந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைபாட்டை முதலில் நினைப்பது நியாயமே. ஆனால் ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும் பரம்பரை நோயான தலசீமியாவின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் சிவப்பணுக்கள் சிறுத்தும் வெளிறியும் இருக்கும். அவர்களுக்கு எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) மிகவும் தாழ்ந்திருந்தாலும் சிவப்பணு எண்ணிக்கை குறையாமல், பலருக்கு இயல்பைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஃபெரிடின் பார்க்காமல் இவர்கள் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குவதால் பயனில்லை. கணவன், மனைவி இருவருமே இந்த மரபணுவைச் சுமந்தால் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வரக்கூடும் என்பதால், மணமாகப்போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

உயர்ந்த எண்ணின் கதை வேறு. ஒரு சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் அடங்குவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதால், 38, 40 என்று அச்சாகி வந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது அந்த ரத்த மாதிரியைத்தான். ஹீமோகுளோபின் 12.4, பி.சி.வி. 31 என்று ஓர் அறிக்கை வருவதாகக் கொள்வோம், எம்.சி.எச்.சி. 40 ஆகிறது. அதில் சிவப்பணு எண்ணிக்கை 26 லட்சம் என்று குறைந்தும், எம்.சி.வி. 119 என்று உயர்ந்தும் இருந்தால், குளிரில் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் எதிர்ப்பொருள் அந்த ரத்தத்தில் இருக்கக்கூடும். ஒட்டிக்கொண்ட அணுக்களைக் கருவி ஒற்றை அணுவாக எண்ணிவிடுவதால் எண்ணிக்கையும் பி.சி.வி.யும் பொய்யாகக் குறைகின்றன. அணுக்களை உடைத்து அளக்கப்படும் ஹீமோகுளோபின் மட்டும் சரியாகவே வருகிறது. ரத்தம் சேகரித்த அதே ஊதா மூடிக் குழாயை 37 டிகிரி செல்சியஸில் சூடாக்கி உடனே மீண்டும் ஓட்டினால் பல நேரங்களில் எண்கள் இயல்புக்குத் திரும்பிவிடும். ரத்தத்தில் கொழுப்பு மிகுந்து பிளாஸ்மா பால்போல் கலங்கியிருந்தாலும், ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்திருந்தாலும் இதே குழப்பம் நேரும். மாதிரியில் குறையில்லை என்று உறுதியான பிறகும் எண் உயர்ந்தே நின்றால், சிவப்பணுக்கள் உருண்டையாகிவிடும் பரம்பரை நோய் போன்றவற்றை மருத்துவர் ஆராய்வார். குடும்பத்தில் மஞ்சள் காமாலை, பித்தப்பைக் கல், மண்ணீரல் வீக்கம் யாருக்கேனும் இருந்திருந்தால் அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆய்வகங்களுக்கு ஒரு வேண்டுகோள். எம்.சி.எச்.சி. 37-ஐத் தாண்டினால் மாதிரியைச் சரிபார்த்து, கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பிய ரத்தப் படலத்தையும் நுண்ணோக்கியில் பார்த்த பிறகே அறிக்கையை அனுப்புங்கள். என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி தமிழில் எழுதுங்கள். பரபரப்பான காலை வேளையில் இது கூடுதல் வேலைதான், மறுக்கவில்லை. நோயாளிகளும் புதிய அறிக்கையோடு பழைய அறிக்கைகளையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும்; பல ஆண்டுகளாகவே எம்.சி.வி. தாழ்ந்திருக்கிறதா, அண்மையில்தான் இறங்கியதா என்பது அவற்றில்தான் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
தஞ்சாவூர்.