எம்ஜிபி வாங்குவோர் ஆண்டைப் பார்த்து வாங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, பிரிட்டிஷ் காரான எம்ஜிபி 1962 முதல் 1980 வரை மாறாமலே வந்த கார் என்கிறது. வெளித்தோற்றம் அப்படித்தான் நினைக்க வைக்கும். அதை நம்பி உதிரிப் பாகம் தருவித்தால் பணம் வீணாகும்.

முதலில் வந்த 1,798 சிசி எஞ்சினில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க்‌ஷாஃப்டைத் தாங்க மூன்று மெயின் பேரிங்குகளே இருந்தன. 1964ல் அவை ஐந்தாயின. ஒன்றின் கிராங்க்‌ஷாஃப்ட் மற்றதில் உட்காராது. 1967 இறுதியில் முதல் கியருக்கும் சின்க்ரோ (கியர் உரசாமல் மாற உதவும் அமைப்பு) வந்தது. அந்த கியர்பாக்ஸ் பெரியது என்பதால் அதை மூடியபடி வண்டித் தரையின் நடுவில் ஓடும் டனலையே அகலமாக்கினார்கள். மின்சாரம் தரும் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. பாடியில் இணையும் பேட்டரி முனை பிளஸ்ஸிலிருந்து மைனஸானது, அதாவது பாசிட்டிவ் எர்த் நெகட்டிவ் எர்த்தாக மாறியது. முந்தைய வண்டியில் இன்றைய ரேடியோவை அப்படியே இணைத்தால் அது கருகிவிடும். பல வண்டிகளில் இந்த எர்த் இணைப்பை இடையில் யாராவது மாற்றியும் இருப்பார்கள். அதனால் பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு ஒயரில் கை வையுங்கள்.

உங்கள் படத்தில் இருப்பது கறுப்பு ரப்பர் பம்பர் வண்டி. அது 1974க்கு முன் கிடையாது; '1962 மாடல்' என்ற படக்குறிப்பு தவறு. அமெரிக்காவின் பம்பர் விதிகளுக்காக வந்த மாற்றம் அது. விதி கேட்ட உயரத்துக்காக முழு வண்டியையும் தூக்கினார்கள். போதாக்குறைக்கு வளைவில் சாய்வைக் குறைக்கும் முன்புற ஆன்டி-ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். வளைவில் வண்டி படகாகச் சாய்ந்தது. 1977 மாடலில் முன்னும் பின்னும் பார் போட்ட பிறகே ஓரளவு சரியானது. இதை குரோம் பம்பருக்கு மாற்ற விரும்புவோர் பம்பரோடு நிறுத்தினால் பயனில்லை. முன்புற உயரம் கிராஸ்மெம்பரில், அதாவது முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில், இருக்கிறது. குட்டை ஸ்பிரிங் போட்டு இறக்கினால் சஸ்பென்ஷன் கைகளின் கோணம் கெடும். பழைய வகைக் கிராஸ்மெம்பரை மாட்டுவதே முறை.

சிங்கப்பூரில் எல்லா எம்ஜிபியும் 35 வயதைத் தாண்டியவை. பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். மீதி நாளெல்லாம் ஈரக்காற்றில் நிற்கும். கதவுக்குக் கீழே ஓடும் சில், பல அடுக்குத் தகடு. வடிகால் துளை அடைபட்டால் உள்ளிருந்தே அரிக்கும்; வெளியே பெயிண்ட் பளபளக்கும். திறந்த காரில் பாடியின் பலமே அந்தத் தகடுதான். ஜாக்கில் தூக்கும்போது கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மாறினால் சில் போய்விட்டது என்று அர்த்தம். சில்லை மாற்ற வெட்டுமுன் கதவு வாயிலின் குறுக்கே இரும்புச் சட்டம் பற்றவைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாடி தொய்ந்து கதவு மூடாது. பழைய தகட்டின் மேலேயே புதியதை ஒட்டித் தரும் வேலைக்கு, எவ்வளவு மலிவானாலும், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

– வாசகர், ஈசூன்