2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ரசிகர் சங்கத்தின் ஆண்டறிக்கை வழக்கமாக, எத்தனை ஆட்டங்களுக்குப் போனோம், வெளியூர்ப் பயணம் எத்தனை, கொடிக்கும் மேளத்துக்கும் என்ன செலவாயிற்று என்ற கணக்கோடு தொடங்கும். இந்த ஆண்டு அப்படித் தொடங்க வழியில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை நேரு விளையாட்டரங்கில் நம் கால்பந்து அணியான சென்னையின் எஃப்.சி. ஆடிய ஆட்டங்களுக்கு வழக்கம்போல் போய்வந்தோம். அணி பதினோராம் இடத்தில் முடித்ததைப் பற்றி விரிவாக எழுத எனக்கு மனமில்லை, உங்களுக்கும் கேட்க மனமிருக்காது. அதன் பிறகு ஆண்டு முடியும்வரை அந்த அரங்கில், நாட்டின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான இந்தியன் சூப்பர் லீக்கின் ஆட்டம் ஒன்றுகூட நடக்கவில்லை. மேளங்கள் ஒன்பது மாதமாக உறையோடு சங்க அறையில் கிடக்கின்றன.

நடந்ததைப் பதிவுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். லீக்கை நடத்திவந்த ஃபுட்பால் ஸ்போர்ட்ஸ் டெவலப்மென்ட் லிமிடெட் நிறுவனம், அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துடனான உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத நிலையில் 2025-26 பருவத்தை நிறுத்திவைப்பதாக ஜூலை 11 அன்று கிளப்புகளுக்குத் தெரிவித்தது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதன்மை அணியின் சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்.சி.யும் கால்பந்து நடவடிக்கைகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. அதே மாதம் 11 கிளப்புகள் சேர்ந்து, அடியோடு மூடவேண்டிய நிலை வரலாம் என்று சம்மேளனத்துக்குக் கடிதம் எழுதின. விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், லீக்கை நடத்தும் உரிமைக்கு ஒளிவுமறைவற்ற டெண்டர் விடுமாறு உத்தரவானது. அக்டோபர் 16 அன்று டெண்டர் வெளியானது. நீட்டிக்கப்பட்ட கெடு நாளான நவம்பர் 7 வரை ஒருவரும் விலை கேட்கவில்லை.

இந்தச் செய்தி வந்த வாரத்தில் கூடிய செயற்குழுவில், "இனி இந்த லீக் பிழைக்குமா, நாம் சந்தா வசூலிப்பதில் அர்த்தம் இருக்கிறதா?" என்று ஓர் உறுப்பினர் நேராகவே கேட்டார். அதற்குப் பதில் தேடிப் பொது ஆண்டறிக்கையிலேயே வைக்குமாறு தலைவர் பணித்தார். ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதி பணக்கணக்கு. நான் தணிக்கையாளன் அல்லேன். எல்லோருக்கும் தெரிந்த எண்களை வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்ததையே இங்கே தருகிறேன்.

2010 டிசம்பரில், லீக்கை நடத்திய நிறுவனத்தைப் பின்னர் உருவாக்கிய ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸுடன் சம்மேளனம் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. சராசரியாக ஆண்டுக்கு 47 கோடி. இந்தப் பணத்தை லீக் சம்பாதித்துக் கொடுக்கவில்லை; தொடங்கும் முன்பே பெரிய வணிகக் குழுமம் ஒன்று கொடுக்க ஒப்புக்கொண்டது. 2014 அக்டோபர் 12 அன்று கொல்கத்தாவில் முதல் ஆட்டம் நடந்தபோது அந்த ஒப்பந்தத்தில் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டிருந்தன. ஆக, சம்மேளனத்தின் கைச்செலவும் கிளப்புகளின் கடைசி நம்பிக்கையும் ஒரே பையை எதிர்பார்த்தே பதினைந்து ஆண்டுகள் ஓடின. 2025 டிசம்பர் 8 அன்று அந்தப் பை மூடிக்கொண்டது.

புதிய டெண்டரில் சம்மேளனம் கேட்டது ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 37.5 கோடி ரூபாய், அல்லது மொத்த வருவாயில் 5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது. பழைய தொகையைவிடக் குறைவுதானே, ஏன் யாரும் வரவில்லை என்று நம்மில் பலர் கேட்டோம். கணக்கைத் திருப்பிப் போட்டால் விடை தெரிகிறது. 37.5 கோடி என்பது 5 சதவீதமாக இருக்கவேண்டுமானால் லீக்கின் மொத்த ஆண்டு வருவாய் 750 கோடி ரூபாயாக இருக்கவேண்டும். அவ்வளவு வராவிட்டாலும் 37.5 கோடியைக் கட்டித்தான் ஆகவேண்டும். 15 ஆண்டுகளுக்கு அது 562.5 கோடி. லீக்கை நடத்தும் செலவும் கிளப்புகளுக்கான பங்கும் தனி. இதற்கு மேல், ஆகஸ்டில் வந்த இணைய விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் செயலிகளைத் தடைசெய்ததால், இந்திய விளையாட்டுகளுக்கு விளம்பரப் பணம் கொட்டிய ஒரு துறையே இல்லாமல் போய்விட்டது. நம் தெருவில் மளிகைக்கடை வைப்பவர்கூட இப்படியொரு குத்தகைக்குச் சம்மதிக்கமாட்டார்.

இனி கிளப்பின் பக்கம். 2024-25 பருவத்தில் 13 அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணிக்கும் 24 ஆட்டங்கள், அவற்றில் 12 சொந்த மைதானத்தில். நேரு அரங்கில் ஏறத்தாழ 40,000 பேர் அமரலாம். நாம் நேரில் கண்ட கூட்டத்தைச் சற்றுத் தாராளமாகவே எடுத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு 10,000 பேர், தலைக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆட்டத்துக்கு 20 லட்சம். 12 ஆட்டங்களுக்கு 2 கோடியே 40 லட்சம். அணியின் சம்பள உச்சவரம்பு பல பருவங்களில் 16.5 கோடி ரூபாயாக இருந்தது. அதாவது நாம் தொண்டை கிழியக் கத்தி, வெயிலிலும் மழையிலும் வரிசையில் நின்று வாங்கும் டிக்கெட் எல்லாம் சேர்ந்தாலும் சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கைத்தான் ஈடுகட்டும். மைதான வாடகை, பயணம், தங்குமிடம், பயிற்சியாளர்கள், சிறுவர் அணிகள் எல்லாம் இந்தக் கணக்கில் இன்னும் வரவேயில்லை. மிச்சத்தை விளம்பரதாரரும் ஒளிபரப்புப் பங்கும் தரவேண்டும். அதற்கும் மிஞ்சியதை உரிமையாளர் தம் வேறு தொழிலின் லாபத்திலிருந்து போடவேண்டும். அப்படிப் போடும் பணத்தை நாம் வருமானம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் அது நன்கொடை. கொடுப்பவருக்குச் சலிப்பு வரும் நாளில் நின்றுவிடும்.

அப்படி நின்றுபோனதற்கு முன்னுதாரணங்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. முன்பு நாட்டின் முதல்நிலையில் இருந்த தேசிய லீக்கையும் ஐ-லீக்கையும் கண்ட மூத்த உறுப்பினர்களுக்கு மஹிந்திரா யுனைடெட் 2010இலும் ஜே.சி.டி. 2011இலும் கடையைக் கட்டியது நினைவிருக்கும். இரண்டுமே தேசிய லீக்கை வென்ற அணிகள். 2012இல் மேற்கு வங்கத்தில் ஆறு நகரங்களுக்கென்று ஒரு லீக் அறிவித்து, கிரெஸ்போ, கன்னவாரோ போன்ற வெளிநாட்டு நட்சத்திரங்களை ஏலத்தில் எடுத்தார்கள். ஏலம் நடந்தது, ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. இந்தியன் சூப்பர் லீக்கிலேயே பார்த்தால், டெல்லி அணி 2019இல் புவனேஸ்வரத்துக்குக் குடிபெயர்ந்தது. அதே ஆண்டு புனே அணி கலைந்து, அந்த இடத்துக்கு ஹைதராபாத் வந்தது. அந்த ஹைதராபாத் 2021-22இல் கோப்பையை வென்றது. அடுத்த சில ஆண்டுகளில் வீரர்களுக்குச் சம்பளம் தரமுடியாமல் தடுமாறி, கைமாறி, 2025இல் டெல்லிக்கே போய்விட்டது. கோப்பை வென்றால் பணம் தானே வரும் என்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். நம் மாநிலத்திலும் கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு 2018-19 ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி எஃப்.சி. இன்று எங்கே என்று யாரும் கேட்பதுகூட இல்லை. இந்த அறிக்கையை எழுதிக்கொண்டிருந்த டிசம்பர் கடைசி வாரத்தில், மான்செஸ்டர் சிட்டியின் தாய் நிறுவனமும் மும்பை சிட்டியிலிருந்து தன் பங்கை விட்டு விலகியது.

வெளிநாட்டு உதாரணங்களைத் தேடித்தந்த இளைஞர் பிரிவினருக்கு நன்றி. அவர்கள் தந்த பட்டியல் நீளம். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் 1975இல் பெலேயைக் கூட்டிவந்த லீக், மூன்றே ஆண்டுகளில் 24 அணிகளாகப் பெருகி, 1984 பருவத்தோடு படுத்துவிட்டது. அதன் பிறகு 1996இல் 10 அணிகளோடு தொடங்கிய மேஜர் லீக் சாக்கர் (எம்.எல்.எஸ்.), 2002இல் இரண்டு அணிகளை மூடிவிட்டு மீண்டும் பத்துக்கே திரும்பியது. அதைத் தோல்வி என்று வெட்கப்படாமல், கால்பந்துக்கென்றே அளவான மைதானங்களைக் கட்டிக்கொண்டு மெல்ல வளர்ந்தது. சீனாவில் 2020இல் பட்டம் வென்ற ஜியாங்சு அணி மூன்று மாதத்தில் இழுத்து மூடப்பட்டது. எட்டு முறை பட்டம் வென்ற குவாங்சோ 2025 ஜனவரியில் கலைந்தது. இரண்டின் பின்னாலும் இருந்தவை வேறு தொழிலில் கடன்பட்ட நிறுவனங்கள்.

மூன்றாவதாக ஜப்பான். நமக்கு மிக நெருக்கமானது இதுவே என்பதால் சற்று நின்று சொல்கிறேன். 1993இல் 10 அணிகளோடு ஜே லீக் தொடங்கியபோது, கிளப்பின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இருக்கக்கூடாது, ஊரின் பெயர்தான் இருக்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். அப்படியிருந்தும் 1998இல் பின்னால் நின்ற ஒரு கட்டுமான நிறுவனம் கையை விரித்ததால், யோகோஹாமா ஃப்ளூகல்ஸ் அதே ஊரின் மற்றோர் அணியோடு இணைக்கப்பட்டது. 1999 ஜனவரி 1 அன்று பேரரசர் கோப்பையின் இறுதி ஆட்டத்தை வென்று, அந்த வெற்றியோடே அந்த அணி இல்லாமல் போனது. இணைப்பை ஏற்காத ரசிகர்கள் கூடி யோகோஹாமா எஃப்.சி. என்ற புதிய கிளப்பைத் தொடங்கினார்கள். அது 2001இல் இரண்டாம் நிலை லீக்குக்கும், 2007இல் முதல் நிலைக்கும் வந்தது. நம்மைப் போன்ற ஒரு கூட்டம்தான் அதைச் செய்தது. நம்மால் முடியுமா என்று உடனே கேட்காதீர்கள். நம் சங்கத்தின் இருப்பைப் பொருளாளர் சற்று நேரத்தில் வாசிப்பார்.

இவற்றையெல்லாம் பார்த்தபின் என் முடிவு இது. இந்த லீக் இருந்த அளவிலேயே பிழைக்காது. அளவைக் குறைத்துக்கொண்டால் பிழைக்கலாம். 2014இல் டெல் பியரோ, எலானோ, மடெராஸி போன்ற வெளிநாட்டு நட்சத்திரங்களைப் பார்க்கக் கூட்டம் வந்தது உண்மை. முதல் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 25,000 பேர் வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிகூடப் பின்னாளில் நிலைக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர் வேடிக்கை முடிந்ததும் போய்விட்டார். வியாசர்பாடியில் வளர்ந்த தன்பால் கணேஷ் 2018இல் கோப்பையை வென்ற நம் அணியில் ஆடியபோது, அந்தத் தெருக்களிலிருந்து வந்தவர்கள் இன்றும் நம்மோடு வரிசையில் நிற்கிறார்கள். சிறிய மைதானம், குறைந்த சம்பளம், உள்ளூர் ஆட்கள் என்று போனால் ஆட்டத்தின் தரம் இறங்கும் என்பதை மறுக்கவில்லை. சில பருவங்களுக்கு இறங்கத்தான் செய்யும்.

இந்தக் கருத்தைச் செயற்குழுவில் எல்லோரும் ஏற்கவில்லை என்பதையும் பதிவுசெய்யவேண்டும். மூத்த உறுப்பினர் ஒருவர், "மட்டமான ஆட்டத்தைப் பார்க்க யார் வருவான்? முதலில் பணம் போட்டால்தான் பிறகு பணம் வரும்" என்றார். கேரளத்தில் 2024இல் ஆறு அணிகளோடு தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவைப் போல நமக்கும் ஒன்று வேண்டும் என்று இளைஞர் பிரிவு சொன்னது. அங்கே மலப்புறத்திலும் கோழிக்கோட்டிலும் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்துக்கே டிக்கெட் வாங்கும் பழக்கம் பல தலைமுறையாக இருக்கிறது. இங்கே இலவச பாஸ் கிடைக்குமா என்று முதலில் என்னிடமே கேட்கிறார்கள். அந்தப் பழக்கம் மாறும்வரை மாநில லீக் பற்றிப் பேசுவது எனக்கு அவசரமாகவே படுகிறது.

ஆறுதலான செய்தியும் உண்டு. லீக் 2026 பிப்ரவரி 14 அன்று 14 அணிகளோடு தொடங்கும் என்று மத்திய விளையாட்டுத்துறை அமைச்சர் 2026 ஜனவரி 6 அன்று அறிவித்தார். ஒவ்வோர் அணியும் மற்ற அணியை ஒரு முறை மட்டுமே சந்திக்கும். மொத்தம் 91 ஆட்டங்கள், அணிக்கு 13. வேறு வழியில்லாமல் வந்ததென்றாலும், செலவைக் குறைத்த முதல் பருவம் இதுவே. சொந்த மைதானத்தில் நமக்கு ஆறு அல்லது ஏழு ஆட்டங்களே கிடைக்கும்.

நம் கணக்கைப் பொறுத்தவரை, ஆண்டுதோறும் சட்டைச் செலவில் ஒரு பகுதியை ஏற்றுவந்த கடைக்காரர் இந்த முறை விலகிக்கொண்டார். ஆட்டமே இல்லாதபோது அவர்மீது வருத்தப்பட இடமில்லை. ஆகவே புதிய சட்டை இல்லை, பழைய சட்டையே போதும் என்று செயற்குழு முடிவு செய்தது. வெளியூர்ப் பயணம் இந்தப் பருவத்தில் பெங்களூருக்கும் கொச்சிக்கும் மட்டும், அதுவும் அங்கே ஆட்டம் ஒதுக்கப்பட்டால், ரயிலில்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, உறுப்பினர் எவரும் இலவச பாஸ் வாங்குவதில்லை, சொந்த மைதான ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் பணம் கட்டியே டிக்கெட் எடுப்பது. இரண்டு, சந்தாவில் நான்கில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி, நம் பகுதிச் சிறுவர் அணிக்குப் பந்தும் காலணியும் வாங்கித் தருவது. இரண்டாவது தீர்மானத்துக்குப் பொருளாளர் தம் எதிர்ப்பை எழுத்தில் கொடுத்திருக்கிறார். அதை அவரே வாசிப்பார்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்