ஒரு வாய் தண்ணீர்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வா,

பேத்திக்குப் பெயர் வைத்த செய்தி வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். குழந்தையைப் பார்க்கத் தை பிறந்ததும் வருகிறோம். எனக்குக் கண்புரை எடுத்து ஒரு மாதமாகிறது. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அந்தத் தெம்பில் நம் ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் கதைகளைப் படமாக எடுத்ததை எல்லாம் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

'ஜூட்' படத்தைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். 1996-இல் மைக்கேல் விண்டர்பாட்டம் எடுத்தது. கதாநாயகன் ஜூட்டின் காதலி ஸூவாகக் கேட் வின்ஸ்லெட். அவர்கள் வீட்டுக் குழந்தைகள் சாகும் இடத்தை மழுப்பாமல் எடுத்திருக்கிறார். பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய் முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம்தான் மீதியைப் பார்க்க முடிந்தது.

ஆனால் முடிவில் எனக்கு மனத்தாங்கல். பனி கொட்டும் கல்லறையில், நாம்தான் உண்மையான கணவன் மனைவி என்று ஸூவைப் பார்த்து ஜூட் கத்துவதோடு படம் முடிந்துவிடுகிறது. நாவலில் அதற்கு அப்புறமும் இருக்கிறதே! நோயில் கிடக்கும் ஜூட்டைத் தனியே விட்டுவிட்டு அவன் மனைவி அரபெல்லா திருவிழா பார்க்கப் போய்விடுகிறாள். அவன் தண்ணீர் கேட்கிறான். கொடுக்க ஆளில்லை. ஜன்னல் வழியாக ஆற்றங்கரையின் ஆரவாரம் கேட்கிறது. கல் கொத்துகிறவனுக்குப் படிப்பு எதற்கு என்று அவனைத் திருப்பி அனுப்பிய அதே பல்கலைக்கழக ஊரான கிறிஸ்ட்மின்ஸ்டரின் கொண்டாட்டம். முப்பது வயதுகூட ஆகவில்லை அவனுக்கு. படத்தில் அவனுக்குக் குரலாவது மிஞ்சுகிறது, ஹார்டி அதையும் மிச்சம் வைக்கவில்லை. 1895-இல் இந்தப் புத்தகத்துக்கு வாங்கிய வசவுக்குப் பிறகு அவர் புது நாவலே எழுதவில்லை, கவிதைக்குப் போய்விட்டார். அவ்வளவு விலை கொடுத்து எழுதிய பக்கத்தை விட்டுவிடலாமா?

போலன்ஸ்கியின் 'டெஸ்' (1979) படமும் முன்பே நின்றுவிடுகிறது என்று நீ சொல்வாய். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தில் கதாநாயகி டெஸ்ஸைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போகிறார்கள், தூக்கிலிட்ட செய்தி ஒரு வரி எழுத்தாக வருகிறது. சரிதான். ஆனால் அங்கே ஹார்டியே அருகில் போகவில்லை. தூக்கு முடிந்ததற்கு அடையாளமாகத் தொலைவில் ஒரு கறுப்புக் கொடி ஏறுவதை மட்டும்தான் காட்டினார். அதனால் அந்தப் படம் அவர் மனத்தோடு ஒத்துப்போகிறது. போலன்ஸ்கி இங்கிலாந்துக்குப் போக முடியாத நிலையில் பிரான்சில் எடுத்த படம். அந்தக் கற்கள்கூடச் செட்தான். பார்க்கும்போது எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

ஜூட்டின் கடைசிப் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று யோசித்தேன். அம்மாவின் கடைசி இரவில் நான் மருந்துக்கடைக்கு ஓடியிருந்தேன். நீதான் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாய். திரும்பி வந்தபோது உன் சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது. அம்மா உதட்டிலும் ஈரம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அதை உன்னிடம் சொன்னதில்லை.

வரும்போது புத்தகத்தை எடுத்து வருகிறேன். அந்தப் பக்கத்தை நீ வாய்விட்டுப் படி, நான் கேட்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்