மென்சா பொறுப்பாளர்களுக்கு: அந்த 162 என்னவென்று ஊருக்குச் சொல்லுங்கள்

வணக்கம்.

எங்கள் அண்ணன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு தாள்கள் ஒட்டியிருக்கின்றன. மேலே இருப்பது, பிரிட்டனில் வாழும் இந்திய வம்சாவளிச் சிறுமி ஒருத்தி, ஐக்யூ (அறிவுத்திறனை அளக்கும் எண்) மிக அதிகமானவர்கள் சேரும் உங்கள் மென்சா சங்கத்தின் தேர்வில் 162 எடுத்து ஐன்ஸ்டீனை மிஞ்சிவிட்டாள் என்ற செய்தி. வாட்ஸ்அப்பில் வந்ததை அண்ணி பிரிண்ட் போட்டு ஒட்டினார். கீழே இருப்பது, இங்கே ஒரு தனியார் மையத்தில் அவர்கள் மகனுக்கு எடுத்த ஐக்யூ சோதனையின் முடிவு: 124. பையனுக்குப் பதினொரு வயது. தண்ணீர் எடுக்க வரும்போதெல்லாம் இரண்டையும் பார்க்கிறான். போன மாதம் என்னிடம் கேட்டான்: "அத்தை, இன்னும் 38 வாங்க நான் என்ன படிக்கணும்?"

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து தேடிப் படித்தேன், கணக்கும் போட்டுப் பார்த்தேன். அதன் பிறகுதான் உங்களுக்கு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

செய்திகளில் வரும் அந்த 162, கேட்டல் III பி (Cattell III B) என்ற தேர்வின் எண். அதில் சராசரி 100, சிதறலுக்கான அளவு, அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு, 24. இங்கே பையனுக்குக் கொடுத்தது வெக்ஸ்லர் வகைச் சோதனை. அதிலும் சராசரி 100தான், ஆனால் சிதறல் அளவு 15. ஒன்று அடி, இன்னொன்று மீட்டர் மாதிரி. கேட்டல் 162-ஐ வெக்ஸ்லர் அளவுக்கு மாற்றினால் ஏறக்குறைய 139 வருகிறது. இவனுடைய 124-ஐ அந்தப் பக்கம் மாற்றினால் 138. ஆக, இரண்டையும் வெக்ஸ்லர் அளவுகோலிலேயே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 38 இல்லை, 15. இவன் நூறு பேரில் தொண்ணூற்று நான்கு பேருக்கு மேலே நிற்கிறான். அந்த வீட்டில் யாருக்கும் இது தெரியாது. ஏதோ குறைந்துபோன பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் இன்னொன்று. பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு அந்தக் கேட்டல் தேர்வில் கிடைக்கக்கூடிய உச்சமே 162தான். அதனால்தான் வேறு வேறு குழந்தைகளைப் பற்றிய செய்திகளில் அதே எண் திரும்பத் திரும்ப வருகிறது. கணக்குப்படி அது இருநூறு பேரில் ஒருவர் நிற்கும் இடம். நல்ல இடம்தான், அந்தச் சிறுமியைப் பாராட்டுகிறேன். ஆனால் ஆயிரம் பேர் படிக்கிற ஒரு பள்ளியில் அப்படி நான்கைந்து பேர் இருப்பார்கள். ஐன்ஸ்டீன் இப்படி ஒரு தேர்வு எழுதியதற்குப் பதிவே கிடையாது. அவர் பெயரில் உலவும் 160 யாரோ ஊகித்த எண்.

இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் விதியே அதற்குச் சாட்சி. இத்தனை மதிப்பெண் எடுத்தால் உறுப்பினர் என்று நீங்கள் சொல்வதில்லை. அங்கீகரிக்கப்பட்ட எந்தத் தேர்வானாலும் மேல் இரண்டு சதவீதத்தில் வர வேண்டும் என்றுதான் சொல்கிறீர்கள். கேட்டலில் அது 148, வெக்ஸ்லரில் 130. எண்ணை மட்டும் வைத்து யாரையும் ஒப்பிடக் கூடாது என்று உங்களுக்குள் ஒழுங்காக விதி வைத்திருக்கிறீர்கள். வெளியே பத்திரிகையில் வெறும் எண் ஓடும்போதும் அதே விதியை நினைவூட்டலாம் அல்லவா? கின்னஸ்காரர்கள்கூட உலகின் மிக உயர்ந்த ஐக்யூ என்ற பிரிவை 1990-ல் எடுத்துவிட்டார்கள், ஒரே ஒருவரை உச்சம் என்று அறிவிக்கிற அளவுக்கு இந்தத் தேர்வுகளை நம்ப முடியாது என்று.

1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோனுடன் சேர்ந்து இந்த வகைச் சோதனையை முதலில் உருவாக்கியது வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவத்தான். அந்த எண் ஒரு பிள்ளையின் மேல் முத்திரையாக விழுந்துவிடக் கூடாது என்று அவருக்கே கவலை இருந்தது. 1946-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ரோலண்ட் பெரிலும் லான்சலாட் வேரும் உங்கள் சங்கத்தைத் தொடங்கியபோது வைத்த பெயருக்கு லத்தீனில் மேசை என்று பொருள். ஏற்றத்தாழ்வு இல்லாமல் வட்டமாக உட்காரும் மேசை. அந்த மேசையில் யாரும் யாருடைய மதிப்பெண்ணையும் கேட்கத் தேவையில்லை. எனக்கு அந்த எண்ணம் மிகவும் பிடித்திருக்கிறது, உண்மையாகவே.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. குழந்தைகளுக்குத் தரும் முடிவுத் தாளில் எண்ணைவிடப் பெரிய எழுத்தில், நூறு பேரில் எத்தனை பேருக்கு மேலே என்பதைப் போடுங்கள். எந்தத் தேர்வு, அதன் உச்சம் எவ்வளவு என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரு பத்திரிகை ஐன்ஸ்டீனை இழுத்தால் அன்றைக்கே ஒரு மறுப்பு அனுப்புங்கள், நான்கு வரி போதும். உங்கள் சங்கத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் தமிழிலும் எழுதட்டும், ஏனென்றால் இந்தச் செய்தி தமிழில்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது.

பையனுடைய தாளில் 124-க்குப் பக்கத்தில் நான் பென்சிலால் "100-ல் 94 பேருக்கு மேல்" என்று எழுதிவைத்திருக்கிறேன். அண்ணி பார்த்துவிட்டு, இதை யார் சொன்னது என்று கேட்டார். கணக்கைப் போட்டுக் காட்டினேன். சரி, ஆனால் அவர்களே சொன்னால்தானே நம்ப முடியும் என்றார்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து ஓர் அத்தை