ஒரே பாடத்தை ஏன் இருநூறு முறை அனுப்ப வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐந்தாம் தலைமுறைக் (5ஜி) கைப்பேசி வலையமைப்பு கொண்டுவரப்போகும் வேகத்தைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். ஒரு முழுத் திரைப்படத்தைச் சில விநாடிகளில் இறக்கிக்கொள்ளலாம் என்பது நல்ல செய்திதான். ஆனால் மலையகத் தோட்டப் பகுதியான பொகவந்தலாவையில் இருபத்தெட்டு ஆண்டுகளாக முதலில் வானொலிப் பெட்டிகளையும் பின்னர் கைப்பேசிகளையும் திருத்திப் பிழைப்பு நடத்திவரும் எனக்கு, அக்கட்டுரையில் ஒரு கேள்வி எழாமலேயே போய்விட்டதாகப் பட்டது. ஒரே விடயத்தை ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் கேட்க விரும்பும்போது, அதை ஆயிரம் முறை அனுப்பி, ஆயிரம் பேரிடமும் தனித்தனியே கட்டணம் அறவிடும் முறை மலையகத்தில் இனியும் தொடரத்தான் வேண்டுமா?

இதைப் பிள்ளைகள் எங்களுக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைப்பேசிக்கு வந்தபோது, எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேற்கணக்கில் (தோட்டத்தின் மேல் பிரிவில்), தேயிலை மலையின் உச்சியில் துருத்திக்கொண்டிருந்த பாறை ஒன்றுக்குச் ‘சிக்னல் கல்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. ரீலோட் (முன்கட்டணம்) போடுவதற்காக என் கடைக்கு வந்த பிள்ளைகள் அழைத்ததால் நானும் ஒருநாள் அங்கே ஏறிப் பார்த்தேன். ஐந்து பிள்ளைகள், ஐந்து போன்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் எவருக்கும் படம் ஓடாது என்பதை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்ட அவர்கள், நான்கு போன்களை அணைத்துவிட்டு, ஒன்றை மட்டும் கல்லில் சாய்த்துவைத்து, தாய்மார் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை மழைக்குத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் நெருக்கியடித்தபடி பாடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டேட்டா யாருடையது என்பது மட்டும் முறை வைத்து மாறியது.

அந்த ஐந்து போன்களுக்குள் நடந்ததே கைப்பேசிக் கோபுரத்திலும் நடக்கிறது. நாற்பது நிமிடப் பாடம் ஒன்றை, விநாடிக்கு 500 கிலோபிட் என்ற சுமாரான தரத்தில் அனுப்பினால் அது ஏறத்தாழ 150 மெகாபைட் ஆகும். ஒரு கோபுரத்தின் கீழ் இருநூறு மாணவர்கள் அதை ஒரே நேரத்தில் பார்த்தால், கோபுரம் அதே பாடத்தை இருநூறு தனித்தனி ஓடைகளாகப் பிரித்து 30 கிகாபைட் அனுப்ப வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதிகளில் ஒரு கோபுரத்துக்குக் கிடைக்கும் அலைக்கற்றை (வானலைப் பங்கு) அதைத் தாங்காது. ஒரே ஓடையை எல்லோரும் பிடித்துக்கொள்ளும் ஒலிபரப்பு முறையில் அனுப்பினால் 150 மெகாபைட்டுடன் காரியம் முடிந்துவிடும். கேட்பவர் இருநூறு பேரானாலும் இரண்டாயிரம் பேரானாலும் கோபுரத்துக்கு அது ஒரே சுமைதான்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிய தத்துவமல்ல. அதிகாலையில் பெரட்டுத் தப்பு (வேலைக்குக் கூப்பிடும் பறை) ஒருமுறை அடித்தால் மேல் லயமும் கீழ் லயமும், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள் எல்லாமே, எழுந்துகொண்டன. தப்படித்தவர் காம்பரா காம்பராவாக (வீடு வீடாக) வந்து, ‘உனக்குக் கேட்டதா, கேட்டதற்குக் காசு கொடு’ என்று நின்றதில்லை. (அந்தத் தப்பு எழுப்பியது எதற்காக என்பது வேறு கதை, அதை இங்கே தொடவில்லை.) கொழும்பில் 1925 டிசம்பரில் தொடங்கிய வானொலியும் இதே முறையில்தான் மலையகத்துக்கு வந்தது. என் தகப்பனார் மாலையில் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) அமர்ந்து, மத்திய அலையில் 936 கிலோஹேர்ட்ஸில் திருச்சி வானொலியைத் தேடிப் பிடிப்பார்; அடுத்த காம்பராக்காரர்களும் தங்கள் வாசலில் இருந்தபடியே அதைக் கேட்பார்கள். மத்திய அலை நிலத்தைத் தழுவிக்கொண்டு மலைகளைச் சுற்றி வரக்கூடியது. பண்பலையோ (எஃப்.எம்.) பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. குறுக்கே ஒரு மலை நின்றால் மறுபக்கத்துக் கணக்குக்கு இரைச்சல்தான் மிஞ்சும். கைப்பேசி அலைகளின் கதி இன்னும் மோசம். ஐந்தாம் தலைமுறைக்கென உலகெங்கும் பேசப்படும் 3500 மெகாஹேர்ட்ஸ் அலை நகரத்துக்குத்தான் பொருத்தமானது. பள்ளத்தாக்குகளுக்கு 700, 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகளே உதவும்.

ஒலிபரப்பையும் இணையத்தையும் ஒன்றுசேர்க்கும் யோசனைக்கு முன்னோடி எங்கள் மலைகளிலேயே இருந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 1989 இல் தொடங்கப்பட்ட கொத்மலை சமுதாய வானொலியில், 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் ஓர் இணைய இணைப்பு ஏற்படுத்தப்பட்டது. நேயர்கள் கேள்விகளை அனுப்பினார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பில் விளக்கினார்கள். இணையம் என்ற சொல்லே பெரும்பாலானோருக்குப் புதிதாயிருந்த அக்காலத்தில், அந்த ஓர் இணைப்பை ஊரே பயன்படுத்தியது. உலகின் பல நாடுகள் அதை வந்து பார்த்துப் படித்துச் சென்றன. பெரும்பாலும் சிங்களத்தில் ஒலித்த நிலையம் அது. அதைப் போன்ற ஒன்று தமிழில், ஒரு தோட்டப் பகுதியை நடுவாகக் கொண்டு உருவாகியிருந்தால், சிக்னல் கல்லுக்குத் தேவையே ஏற்பட்டிருக்காது என்று நான் எண்ணுவதுண்டு.

பாடத்தை விடவும் உயிர் பெரிது என்பதால் அடுத்த விடயத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. ஆபத்தான இடம் என்று அதிகாரிகள் முன்னரே சொல்லியிருந்த மலை அது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பட்ட பாட்டைத் தங்கள் பத்திரிகையே நாள்தோறும் எழுதியது. எங்கள் பக்கம் மழை தொடங்கிய அன்று என் கைப்பேசிக்கு வந்த எச்சரிக்கைக் குறுஞ்செய்தி சிங்களத்தில் இருந்தது. பக்கத்து லயத்து அம்மா ஒருவர் அதே செய்தியைத் தன் போனில் எடுத்துக்கொண்டு நனைந்தபடி கடைக்கு ஓடிவந்து, “தம்பி, இது ரீலோட் முடிஞ்சிருச்சுன்னு வந்ததா, இல்ல வேற ஏதுமா?” என்று கேட்டார். மின்சாரம் நின்றது, சில மணி நேரத்தில் மின்கலம் தீர்ந்து கோபுரமும் ஓய்ந்தது. பாதை உடைந்துபோனதால் அதற்கு டீசல் கொண்டுபோகவும் வழியிருக்கவில்லை.

அடுத்த நாள் காலையிலிருந்து என் கடையில் கைப்பேசியைத் தேடி எவரும் வரவில்லை. பட்டறையின் மேல்தட்டில், திருத்தக் கொடுத்தவர்கள் திரும்பி வராததால் ஆண்டுக்கணக்கில் தூசு படிந்து கிடந்த ஏழு பொக்கட் ரேடியோக்களையும் இறக்கினேன். ஒன்றுக்கு டயல் நூல் அறுந்திருந்தது. இன்னொன்றுக்கு மின்கலத் தகடு பச்சைக்களிம்பு பிடித்துப்போயிருந்தது. ஒரு பாட்டி, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய விலையுயர்ந்த போனை மேசையில் வைத்துவிட்டு, “இத நீயே வச்சுக்க, மழை என்ன சொல்லுதுன்னு கேக்குற பொட்டிய மட்டும் சரி பண்ணிக் குடு” என்றார். இரண்டு பென்டோர்ச் பற்றரியில் நாட்கணக்கில் பேசும் அந்தப் பெட்டி செய்த வேலையை, அதைப்போல் பல மடங்கு விலையுள்ள போன் செய்யவில்லை. செய்ய முடியாததால் அல்ல என்பதே என் ஆதங்கம். பல கைப்பேசிகளின் உள்ளே, பண்பலையைப் பிடிக்கும் வாங்கி ஏற்கெனவே மின்னணுச் சில்லில் இருக்கிறது. காதில் செருகும் கம்பியே அதற்கு அன்டெனா. கம்பித் துளையை நீக்கிவிட்டும், மென்பொருளில் அந்த வசதியை அடைத்துவிட்டும் விற்கிறார்கள். 2023 இல் இந்திய அரசாங்கம் கைப்பேசித் தயாரிப்பாளர்களுக்கு, உள்ளே இருக்கும் பண்பலை வாங்கியை முடக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. நமது நாட்டுக்குள் இறக்குமதியாகும் கைப்பேசிகளுக்கும் இத்தகைய நிபந்தனை ஒன்றை விதிப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

கோபுரம் உயிருடன் இருக்கும் நேரத்திலாவது எச்சரிக்கையை ஒழுங்காக அனுப்பலாம். ‘செல் ப்ரோட்காஸ்ட்’ என்ற முறையில், கோபுரம் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் ஒரே செய்தியை ஒரே வீச்சில் அனுப்புகிறது. எண்கள் தேவையில்லை, ரீலோட் தேவையில்லை, குறுஞ்செய்தி போல் வரிசையில் காத்து நெரிசல்படுவதில்லை, போன் தனியொரு ஓசையுடன் அலறும். ஆபத்துள்ள மலைக்கு மட்டும், அம்மலைக்காரர்களின் மொழியில் அனுப்பலாம். இது எதிர்கால விந்தை அன்று. 2009 இலேயே அனர்த்த முகாமைத்துவ நிலையமும் மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் டயலொக் கைப்பேசி நிறுவனமும் சேர்ந்து இம்முறையைக் கொண்ட எச்சரிக்கை வலையமைப்பு ஒன்றை இங்கே அறிமுகப்படுத்தின. 2023 இல் இந்தியா மாநிலம் மாநிலமாக இதைப் பரீட்சித்தது. தமிழில் அனுப்பினால் இடம் போதாது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 குறிகளும் தமிழுக்கு 70 குறிகளும் கொள்ளும் என்பதும், நாம் ஐந்து எழுத்தாக எண்ணும் ‘மண்சரிவு’ கருவிக்கு எட்டுக் குறிகள் என்பதும் உண்மைதான். ஆனால் சிங்களத்துக்கும் அதே 70 தான். செல் ப்ரோட்காஸ்டில் ஒரே செய்தியை 15 பக்கம் வரை நீட்டவும் முடியும். ஆகவே அந்தச் சாக்கு எடுபடாது.

இனி வரும் வலையமைப்புகளைப் பற்றி. கைப்பேசிக்கு நேரடியாக ஒளிபரப்பும் முயற்சிகள் முன்பும் நடந்தன. ஜப்பானில் 2006 ஏப்ரலில் தொடங்கிய ‘வன்செக்’ சேவையில், தொலைக்காட்சி அலைவரிசையின் 13 பகுதிகளில் ஒன்று கையடக்கக் கருவிகளுக்கென ஒதுக்கப்பட்டது. பேருந்தில் நின்றபடியே மக்கள் டேட்டா செலவின்றிச் செய்தி பார்த்தார்கள். இலங்கை 2014 இல் டிஜிட்டல் தொலைக்காட்சிக்குத் தெரிவுசெய்தது இந்த ஜப்பானிய முறையைத்தான். பத்தாண்டு கடந்தும் எங்கள் லயக் கூரைகளில் செய்மதித் தட்டுகளைத்தான் காண்கிறேன். அமெரிக்காவில் ‘மீடியாஃப்ளோ’ என்ற கைப்பேசித் தொலைக்காட்சிச் சேவை, தனி வலையமைப்பும் தனிக் கருவியும் கேட்டதால் 2011 இல் மூடப்பட்டது. நான்காம் தலைமுறையின் தரத்திலேயே ஒலிபரப்பு வசதி எழுதப்பட்டிருந்தும் பெரும்பாலான நிறுவனங்கள் அதைத் திறக்கவில்லை. காரணம் எளிது: கிகாபைட் கணக்கில் டேட்டா விற்பவருக்கு, ஒருமுறை அனுப்பி எல்லோருக்கும் கொடுப்பதில் என்ன ஆதாயம்? ஆனாலும் 2019 இல் ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் ஒன்றான ஸ்ட்ரொன்சேயில், கைப்பேசி வலையமைப்பின் ஒலிபரப்பு வசதியைக் கொண்டு பிபிசி தன் வானொலிச் சேவைகளை மக்களுக்கு அனுப்பிப் பார்த்தது. சனத்தொகை குறைந்த, கோபுரம் போதாத இடத்துக்கே இது கூடுதலாகப் பயன்படும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். உலகத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 2022 இல் நிறைவுசெய்த தொகுதியில், ஐந்தாம் தலைமுறைக்கும் இவ்வசதி சேர்க்கப்பட்டிருக்கிறது. சிம் அட்டை இல்லாத கருவியும் பெறக்கூடிய ஒலிபரப்பு முறையும் இப்போது தரத்தில் உண்டு.

சந்தை தானாகச் செய்யாததை அனுமதிப்பத்திரத்தின் மூலம்தான் செய்விக்க முடியும். அலைக்கற்றை பொதுச்சொத்து. அதை நிறுவனங்களுக்கு ஒதுக்கும்போது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அதனுடன் சில கடமைகளையும் கட்டிவிட வேண்டும். மும்மொழி எச்சரிக்கையை ஒலிபரப்பு முறையில் அனுப்புவதும், கல்வி அமைச்சின் பாடங்களையும் தேசிய வானொலியின் தமிழ்ச் சேவையையும் டேட்டா கணக்கில் கழிக்காமல் கொடுப்பதும், மலைப்பாங்கான பிரதேசச் செயலகப் பிரிவுகளில் தாழ்ந்த அலைவரிசைக் கோபுரங்களுக்கு நீண்டநேர மின்கலம் வைப்பதும் அக்கடமைகளில் அடங்க வேண்டும். இவற்றில் கடைசியானது செலவு கூடியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதலாவது செலவு குறைந்தது, அதையாவது அடுத்த பருவமழைக்கு முன் செய்யலாம்.

செய்மதி இணையம் வந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இங்கே சேவையைத் தொடங்கியது உண்மை. ஆனால் தோட்டத்து நாட்சம்பளத்தை நம்பி, அதற்கும் முழுப்பேர் (ஒரு முழு நாள் வேலைக்கான பதிவு) விழுந்தால்தான் உண்டு என்ற நிலையில் வாழும் குடும்பம் அந்தத் தட்டை வாங்கப்போவதில்லை. ஒரு தோட்டப் பாடசாலைக்கு ஒரு தட்டும், அதனுடன் 50 வோட் பண்பலை ஒலிபரப்புக் கருவி ஒன்றும் இருந்தால், பள்ளத்தாக்கு முழுவதற்கும் கொத்மலையின் பழைய முறையையே மீண்டும் கொண்டுவரலாம். நேபாளத்தில் 1997 இலிருந்து சமுதாய வானொலிகள் மலைகளுக்கிடையே ஒலித்துக்கொண்டிருக்கின்றன. இந்தியா 2006 இல் தொண்டு அமைப்புகளுக்கும் அதற்கு அனுமதி கொடுத்தது. அத்தகைய எளிய அனுமதி முறை ஒன்றை எங்கள் மக்கள் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரே வானொலிச் சேவைக்கு நுவரெலியாவில் ஓர் எண்ணும் பதுளையில் வேறோர் எண்ணுமாக இருப்பதால், பெட்டியைத் திருத்தி வாங்கிப்போகிறவர்கள் பாதி வழியிலிருந்து திரும்பிவந்து எந்த எண்ணில் கேட்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொரு பருவமழைத் தொடக்கத்திலும் தமிழ்ச் சேவைகளின் அலைவரிசை எண்களை மாவட்ட வாரியாக, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துடன் சேர்த்து, வெட்டியெடுக்கக்கூடிய ஒரு கட்டமாக வெளியிடுவீர்களாயின், அதை என் கடையின் முன்பலகையில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
வானொலி, கைப்பேசி திருத்துநர் ஒருவர்,
பொகவந்தலாவை.