பகிரும் பதிவில் தேதி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

ரத்த தானக் கோரிக்கை, தேர்வுத் தேதி மாற்றம், மருத்துவ முகாம் என்று மக்களுக்குப் பயன்பட வேண்டிய எத்தனையோ பதிவுகள் காலாவதியான பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பகிர்பவர்களைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் கோளாறு பெரும்பாலும் எழுதியவரிடம்தான். நம் சமூக வலைதளப் பக்கத்தில் இருக்கும்வரை பதிவுக்கு மேலே பெயரும் தேதியும் தெரியும். வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் ஃபார்வர்டு செய்ததும் முதலில் எழுதியவர் யார், என்றைக்கு எழுதினார் என்ற இரண்டுமே போய்விடும். உள்ளே இருக்கும் எழுத்து மட்டும்தான் போய்ச் சேரும். நாலு கை மாறி வாங்குபவருக்கும் அது தனியாக நின்று விளங்க வேண்டும்.

ஓர் உதாரணம்: “நண்பர்களே, அவசரம்!! நாளை காலை ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை. அதிகம் பகிரவும்.” நாளை என்றால் எந்த நாளை? எந்த ஊர், எத்தனை யூனிட்? இதையே இப்படி எழுதலாம்: “ஓ நெகட்டிவ் ரத்தம் 2 யூனிட் தேவை. 14-6-2025 காலை 8 மணிக்குள். (மருத்துவமனை, ஊர்). தொடர்புக்கு: (எண்). 14-ஆம் தேதிக்குப் பிறகு பகிர வேண்டாம்.” ‘நண்பர்களே’, ஆச்சரியக்குறிகள், ‘அதிகம் பகிரவும்’ மூன்றையும் எடுத்ததால் கிடைத்த இடத்தில்தான் தேதியும் ஊரும் உட்கார்ந்தன. கடைசி வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு மாதக்கணக்கில் அழைப்பு வரும்.

மறுப்புச் செய்தி எழுதுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. “வங்கிகள் தொடர்ந்து ஐந்து நாட்கள் மூடப்படும் என்று சமூக வலைதளங்களில் பரவும் தகவல் உண்மையல்ல” என்று எழுதினால், ‘மேலும் படிக்க’ என்று வரி வெட்டுப்படும் இடத்தில் ‘உண்மையல்ல’ மறைந்து வதந்தி மட்டும் திரையில் நிற்கும். மறுக்கப் போய் நாமே பரப்பியதாகிவிடும். “வங்கிகள் வழக்கம்போல் இயங்கும்” என்று உண்மையை முதலில் வைத்துவிட்டு, வதந்தியைப் பிறகு ஒரு வரியில் சொன்னால் போதும்.

நீளத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. எக்ஸ் தளத்தின் 280 என்ற வரம்பு நாம் எண்ணும் எழுத்துகளின் கணக்கு அல்ல. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. அங்கே மி என்பதில் இகரக் குறியும், ழ் என்பதில் புள்ளியும் தனித்தனியாகச் சேர்ந்து ஐந்தாகிவிடும். ஆகவே கட்டணம் செலுத்தாத பயனரின் ஒரு பதிவில் சுமார் 30 சொற்கள்தான் கொள்ளும். இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் 23 என்றே கணக்கு. அதைச் சுருக்கிப் போடுவதில் லாபமில்லை, எங்கே போகிறது என்று தெரியாமல் போவதுதான் மிச்சம். புளூஸ்கை தளத்தில் ‘தமிழ்’ மூன்றாகவே எண்ணப்படும், வரம்பு 300. சாதாரண எஸ்எம்எஸ்ஸில் தமிழுக்கு 70 மட்டும். தாண்டினால் 67, 67 ஆகத் துண்டாகும். ஒவ்வொரு துண்டும் தனிச் செய்தியாகக் கணக்கில் வரும்.

ஹேஷ்டேக்கில் வேற்றுமை உருபைச் சேர்க்காதீர்கள். #ரத்ததானம் ஒன்று, #ரத்ததானத்தை வேறொன்று. தேடுபவர் கண்ணில் இரண்டாவது படாது. இடைவெளி விட்டால் முதல் சொல்லோடு அறுந்துவிடும்.

செய்தியைப் படமாக மட்டும் போடுவது இன்னொரு தொல்லை. படத்திலுள்ள எண்ணை நகலெடுத்து ஒட்டுவது எளிதல்ல. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், மாற்று உரை (படத்தில் இருப்பதை விவரிக்கும் எழுத்து) கொடுக்காத படத்தைச் சரியாகப் படித்துக் காட்டாது. ஓரத்தை வெட்டிப் பகிர்ந்தால் தேதியும் போச்சு. படம் கட்டாயம் வேண்டுமென்றால் தேதியை ஓரத்தில் வைக்காமல் தலைப்போடு ஒட்டி வையுங்கள், அதே வாசகத்தைக் கீழே எழுத்தாகவும் கொடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றாமல் ஒட்டினால் எதிர்முனையில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் தடித்த எழுத்துக்காகப் போடும் நட்சத்திரக் குறிகளும் வேறு பல இடங்களில் நட்சத்திரமாகவே நிற்கும்.

தொடர் பதிவாக எழுதுவோர், நிபந்தனையை இரண்டாவது பதிவுக்குத் தள்ளக்கூடாது. “கட்டணம் இல்லை” முதல் பதிவிலும், “60 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும்” அடுத்ததிலும் இருந்தால் ஊரெல்லாம் பரவுவது முதலாவதுதான். பிறகு திருத்தினாலும், நகலெடுத்து ஒட்டிய பிரதிகளை அது எட்டாது.

செய்தித்தாள்களுக்கும் இதில் பங்கு உண்டு. முகாம், தேர்வு, மின்தடை போன்ற பொது அறிவிப்புகளை இணையத்தில் வெளியிடும்போது, அப்படியே நகலெடுக்கத்தக்க இரண்டு வரி வாசகத்தை ஒவ்வொன்றின் முடிவிலும் கொடுங்கள். முழுத் தேதி, இடம், யாருக்குப் பொருந்தும், எந்த நாள்வரை செல்லும், மூலச் செய்தியின் இணைப்பு ஆகியவை அதில் இருக்கட்டும். வாசகர்கள் தாங்களாகச் சுருக்கும்போதுதான் தேதி உதிர்கிறது. சுருக்கிக் கொடுக்கும் வேலையைச் செய்தி அறையே செய்துவிட்டால் அந்த இழப்பு நேராது.

இப்படிக்கு,
வாசகர்